பேத்திக்கு நான் வைத்த முதல் பெயர்

கோபக்காரன் என்று சொல்லிக்கொள்வதில் சிலருக்கு ஒரு பெருமை இருக்கிறது. அநியாயத்தைக் கண்டால் பொங்கிவிடுவார்களாம். என் கோபத்தில் அப்படிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. நான் பொருள்களோடு சண்டை போடுகிறவன். திறக்க வராத ஊறுகாய் பாட்டில், மழை நேரத்தில் விரிய மறுக்கும் குடை, ரேஷன் கடைக்குப் போகும்போது மட்டும் அறுந்துபோகும் செருப்பு என்று என் எதிரிகள் ஏராளம். ஆட்களிடம் காட்டத் துணிவில்லாததை இவற்றிடம் காட்டியே எழுபது வயதைக் கடந்துவிட்டேன். (ஆட்களிடமும் காட்டியிருக்கிறேன். திருப்பிக் கத்தாத ஆளாகப் பார்த்து. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.)

இன்னொரு தகவலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஒளியியல் என் பாடம். லென்ஸைப் பற்றி நான் பேசாத வகுப்பே கிடையாது. வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளவும். பின்னால் என்னைத் திட்டுவதற்கு உதவும்.

என் மகள் உமா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வண்ணார்பேட்டை வீட்டுக்கு வந்திருந்தாள். மருமகன் சரவணன் கப்பலில் இன்ஜினியர். உமாவின் வயிறு வெளியே தெரிவதற்கு முன்பே கப்பலேறியவர், பெண் குழந்தை பிறந்த சேதியை ஏதோ ஒரு கடலில் வைத்துத்தான் கேட்டார். அவரால் வர முடியவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு கேமரா வந்தது. பேபி மானிட்டர் என்று பெயர். தொட்டிலருகே மாட்டிவிட்டால் குழந்தை அசைவதும் அழுவதும் உமாவின் போனில் தெரியும். கப்பலில் நெட் கிடைக்கிற நேரமெல்லாம், யாரையும் தொந்தரவு செய்யாமல், சரவணனும் தன் போனில் பார்த்துக்கொள்ளலாம். அவர் பேசினால் குரல் அந்தக் கேமராவிலிருந்தே வரும். உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளை உருண்டை. அதன் முகத்தில் வட்டமாகக் கறுப்புக் கண்ணாடி. அந்தக் கறுப்புக்கு நடுவே, தேடினால்தான் கண்ணில் படும்படி, லென்ஸ்.

பிள்ளையைக் குளிப்பாட்டத் திசையன்விளையிலிருந்து என் அக்கா சிவகாமி வந்திருந்தாள். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் கிடத்தி, வெந்நீர் ஊற்றுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. கேமராவை மாட்டிய அன்று அதன் முன்னால் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“ஏலே, இது என்னலே, கண்ணே மூடாம பிள்ளையவே பாத்துக்கிட்டுக் கெடக்கு?”

“கேமரா அக்கா. மாப்ள பாக்கதுக்கு.”

“மாப்ள பாக்காரு, சரி. அவரு பாக்காத நேரமும் இது பாக்குதே. ஒரு மனுசன் இப்படிப் பாப்பானா? பச்ச பிள்ளைக்கு ஆகுமாலே இது?”

நான் விடுவேனா? கண்ணிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை, ஒளிதான் கண்ணுக்குள் வருகிறது, ஆகவே திருஷ்டி என்று ஒன்று இருக்கவே முடியாது என்று நின்ற இடத்திலேயே ஒரு வகுப்பு எடுத்தேன். குழந்தையின் நெற்றியிலும் கன்னத்திலும் உள்ளங்காலிலும் அவள் வைக்கிற மைப்பொட்டையும் சேர்த்துக் கிண்டல் செய்தேன். அக்கா முழுக்கக் கேட்டாள். “சரிலே” என்றாள். அவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னவர்கள் எல்லாரும் அப்புறம் தாங்கள் நினைத்ததைத்தான் செய்திருக்கிறார்கள் என்பது இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. என் மாணவர்களோடு இன்னும் ஒருவரைச் சேர்த்துக்கொண்ட திருப்தியோடு காப்பி குடிக்கப் போனேன்.

கோளாறு மறுநாளே ஆரம்பித்தது.

போனில் குழந்தையின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு. காலையில் வட்டமாக இருக்கும். வெயில் ஏற ஏற அது பரவி, மதியத்துக்கு மேல் படம் முழுக்க மேகம் போட்டதுபோல் ஆகிவிடும். குரல் மட்டும் கணீரென்று கேட்கும். சரவணன் கூப்பிட்டார்.

“மாமா, பிள்ள அழுகது நல்லா கேக்கு. ஆனா ஒரே மூடாப்பா இருக்கு.”

“நீங்க கவலப்படாதீங்க மாப்ளே. இது நம்ம சப்ஜெக்ட்” என்றேன்.

கேமராவோடு வந்த கையேட்டில் பல மொழிகள் இருந்தன. தமிழ் இல்லை. அதற்கே எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆங்கிலப் பக்கத்தில் ‘வழக்கமான கோளாறுகளும் தீர்வுகளும்’ என்று ஒரு பகுதி. முதல் வரி: படம் தெளிவாக இல்லையென்றால் மெல்லிய துணியால் லென்ஸைத் துடைக்கவும். உமாவிடம் அதை வாசித்துக் காட்டிச் சிரித்தேன். “யாருக்கு எழுதியிருக்கான் பாரு. அறிவுகெட்டவன். லென்ஸப் பத்தி எனக்கே பாடம் நடத்துதான்!” அந்த வரியைத் தாண்டினேன். துடைக்கவில்லை. துடைப்பது என் படிப்புக்கு அவமானம் என்று தோன்றியது. அது தவிர அந்தக் கையேட்டில் இருந்த எல்லாவற்றையும் செய்தேன்.

வைஃபை பெட்டியைக் கேமராவுக்கு அருகில் கொண்டு வரச் சொல்லியிருந்தது. அருகில் இருந்த ஒரே உயரமான இடம் பூஜை அலமாரி. அங்கே வைத்தேன். என் மனைவி செண்பகம் மறுநாள் காலையில் அதற்கும் ஒரு செம்பருத்தி வைத்திருந்தாள். படத்தில் மேகம் கலையவில்லை.

மற்ற மின்சாதனங்கள் குறுக்கிடலாம் என்று போட்டிருந்தது. மிக்ஸியை ஓடவிடக் கூடாது என்று உத்தரவு போட்டேன். அடுத்த வேளைக்குத் தட்டில் இட்லி மட்டும் வந்தது.

“சட்னி எங்கே?”

“கேமராட்ட கேளுங்க” என்றாள் செண்பகம். “பிள்ள பெத்தவளுக்குப் பத்தியம் சரி. எனக்கும் என்னத்துக்குப் பத்தியம்? என்னா இப்படிக் கெடந்து கத்துதிய அந்தச் சின்ன உருண்டையப் பாத்து?”

பக்கத்து வீட்டு வைஃபையும் குறுக்கிடலாம் என்று அடுத்த வரி. பக்கத்து வீட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி குடியிருந்தார். பனியனோடு வாசலில் நின்றவரிடம் நேராகப் போய், “அண்ணாச்சி, உங்க வைஃபை எங்க வீட்டுக்குள்ள வருது” என்றேன்.

“வரட்டும் சார்வாள். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

“அதில்ல வே. எங்க கேமராவக் கெடுக்குது. பிள்ள முகத்துல கறுப்பா விழுது.”

“எங்க வீட்டு வைஃபை உங்க வீட்டுக்குள்ள வந்து பிள்ள முகத்துல மையி பூசுதாக்கும்?” என்றார். பதிலை என் கையில் கொண்டுவந்து வைத்திருக்கிறார் மனிதர். நான் அதைப் பரிகாசம் என்று எடுத்துக்கொண்டு, கேட்டை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். (அது அவர் வீட்டுக் கேட்.)

அடுத்ததாக என் சொந்த ஆராய்ச்சி. காலையில் திட்டு, மதியம் மேகம் என்றால் என்ன அர்த்தம்? சூட்டில் கேமராவின் உள்ளுறுப்பு கெடுகிறது. இதைச் சரவணனுக்கு நீளமான குரல் பதிவாக அனுப்பினேன். மேஜை விசிறியைக் கேமராவை நோக்கித் திருப்பி வைத்தேன். குழந்தை தும்மியது. உமா வந்து விசிறியைப் பிடுங்கினாள்.

“அப்பா, பிள்ளைக்குக் கேமராவா, கேமராவுக்குப் பிள்ளையா?”

அக்கா மூலையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் போன் திரையைப் பார்ப்பதே இல்லை. நானும் ‘சென்சார்’, ‘ஓவர்ஹீட்டிங்’ என்றே கத்திக்கொண்டிருந்ததால், என்ன கோளாறு என்று அவளுக்குத் தெரியவும் வாய்ப்பில்லை. என்ன கெட்டுப்போச்சு என்று தமிழில் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. அவளிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

பேர் வைக்கிற நாள் வந்தது. எங்கள் பக்கத்தில் குழந்தையின் காதில் பெயரை மூன்று முறை சொல்லி, நாக்கில் சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பார்கள். முதலில் காதில் விழுவதுதான் பெயர். அதைத் தானே சொல்ல வேண்டும் என்று சரவணன் ஆசைப்பட்டார். பிள்ளையைத் தூக்கத்தான் கொடுத்து வைக்கவில்லை, பெயராவது தன் குரலில் காதில் விழட்டும் என்றார். கப்பல் ஒரு துறைமுகத்துக்கு அருகே நிற்கும் நேரம் பார்த்து நல்ல நேரம் குறித்தோம். பெயர் காந்திமதி. கேமராவைக் குழந்தையின் காதருகே பிடிக்க வேண்டும். அவர் பார்த்துக்கொண்டே சொல்வார். அவருக்கு நெட் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். இந்தப் பொறுப்பை நான் கேட்டு வாங்கினேன்.

சம்பந்தி வீட்டார் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள். சரவணனின் அம்மா பட்டுப்புடவையோடு தொட்டிலுக்கு எதிரே நாற்காலியில். கூடம் நிறைய ஆட்கள். அக்கா குழந்தையைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, தொட்டிலில் கிடத்திவிட்டுத் தள்ளி நின்றாள். கேமரா பேசியது.

“மாமா, நான் லைன்ல இருக்கேன். ஒரே இருட்டா இருக்கு. பிள்ள தெரியலையே.”

அன்றைக்குக் காலையிலேயே முழு இருட்டு. விசேஷ நாளாயிற்றே, பொட்டும் பெரிதாக வைக்கப்பட்டிருந்தது என்பது பிறகு தெரிந்தது.

“அப்பா, போன்ல வீடியோ கால் போட்டுருதேன்” என்றாள் உமா, போனை எடுத்தபடி.

“சும்மா இரு! பின்ன இந்தக் கேமரா என்னத்துக்கு இருக்கு?” என்று அதட்டினேன். இத்தனை பேர் முன்னால் நான் தோற்பதா? கேமராவைக் கழற்றினேன். இணைப்பைப் புதுப்பிக்கும் பொத்தான் அதன் அடிப்பக்கத்தில் இருந்தது. ஒயர் நீளவில்லை. ஆகவே தலையைத் தொட்டிலுக்குள் விட்டு, குழந்தையின் காதுக்குப் பக்கத்தில் என் வாய் இருக்கும்படி குனிந்து, பொத்தானை அழுத்தினேன்.

கேமராவுக்குள் இருந்து ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னது: “ப்ளீஸ் வெயிட்.”

“மாமா, சீக்கிரம் மாமா. லைன் போயிரும்” என்றார் சரவணன்.

“ஏலே, நேரமாகுது” என்றாள் அக்கா.

“சவத்து மூதி!” என்றேன் கேமராவிடம். மறுபடி அழுத்தினேன்.

“ப்ளீஸ் வெயிட்.”

“சவத்து மூதி!” இம்முறை பல்லைக் கடித்துக்கொண்டு. மறுபடி.

“ப்ளீஸ் வெயிட்.”

“சவத்து மூதீ!”

இது கூடத்தின் கடைசி வரிசைவரை கேட்டது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காக: மூதி என்றால் மூதேவி. சவம் என்பது சவமேதான். திருநெல்வேலியில் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் அதைத்தான் சொல்வோம். ஆனால் பேர் வைக்கிற நேரத்தில், பெண் குழந்தையின் காதில், மூன்று முறை சொல்ல மாட்டோம்.

நான் தலையைத் தொட்டிலிலிருந்து எடுக்கவில்லை. எடுத்து எங்கே வைப்பது? குரல் மட்டும் கெடாத அந்தக் கேமராவிலிருந்து சரவணன் கேட்டார்:

“மாமா... எம் பிள்ளையவா சொன்னிய?”

சம்பந்தியம்மா எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. “மகாலச்சுமி மாதிரி பிள்ளைக்கு, நல்ல நேரத்துல, மூதேவின்னு மூணு தடவ! படிச்ச வீடுன்னு நம்பித்தான் பொண்ணெடுத்தோம். ஏட்டி உமா, பிள்ளையத் தூக்கு. நாம நம்ம வீட்ல போயி வச்சுக்கிடுவோம்.”

உமாவின் கண் நிறைந்துவிட்டது. அவள் பார்த்தது தொட்டிலை அல்ல, என்னை. செண்பகம் தூணைப் பிடித்துக்கொண்டாள். அப்போது அக்கா சாவகாசமாக முன்னால் வந்தாள்.

“ஏன் மைனி எந்திச்சிட்டிய? இன்னும் முடியலையே.”

“இன்னும் என்ன முடியணும்?”

“எங்க வீட்டு வழக்கம் உங்களுக்குச் சொல்லலையா இவன்? மொதல்ல ஒரு நாறப் பேர மூணு தடவ சொல்லி விட்டுருவோம். படுற கண்ணெல்லாம் அந்தப் பேருக்குப் போயிரும். பொறவுதான் நல்ல பேரு. தாத்தாக்காரன்தான் சொல்லணும். அதுவும் வயிறெரிஞ்சு கோவமாச் சொல்லணும். சிரிச்சுக்கிட்டுச் சொன்னா பலிக்காது.”

சம்பந்தியம்மா யோசித்தார். “எங்க பக்கம் இப்படி இல்லையே மைனி.”

“ஆத்துக்கு இந்தப் பக்கம் உண்டு.”

நான் தொட்டிலுக்குள்ளேயே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மா மெல்ல நாற்காலியில் அமர்ந்தார். “அதானே பாத்தேன். அண்ணாச்சி சொன்னது நெசமான கோவமாத்தான் இருந்துச்சு” என்றார் என்னைப் பற்றி, ஒரு மரியாதையோடு.

அக்கா என் கையிலிருந்து கேமராவை வாங்கினாள். “என்ன தெரியலங்காரு மாப்ள?” என்று திருப்பிப் பார்த்தாள். “அட, இதுலயா தெரியும் அவருக்கு? நாந்தான் தெனம் காலையில பழசத் தொடச்சிட்டு இதுக்கும் ஒரு பொட்டு வச்சேன், பாத்துக்கிட்டே கெடக்கேன்னு. உருகி அப்பிக் கெடக்கு.” முந்தானையால் அந்தக் கறுப்புக் கண்ணாடியை ஒரு துடை துடைத்துக் குழந்தைக்கு நேராகப் பிடித்தாள். புடவையில் விளக்கெண்ணெய் மை கோடாக இழுத்திருந்தது.

“தெரியுது” என்றார் சரவணன். “அம்மா, பிள்ள கொட்டாவி விடுது” என்றார். பிறகு காந்திமதி, காந்திமதி என்றார். மூன்றாவது முறை பாதிப் பெயர்தான் வந்தது. மீதிக்குக் குரல் எழும்பவில்லை. கூடத்தில் எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள்.

நான் துடைக்கவில்லை. எனக்கு உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

இதற்கு மேல் வருவதை எழுதுவதற்கு எனக்கு விருப்பமில்லை. ஆனால் இதை விட்டுவிட்டால் மீதியெல்லாம் வெறும் தமாஷ். ஆட்கள் இலை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அக்காவைத் தேடி அடுக்களைக்குப் போனேன். என் மானத்தைக் காப்பாற்றியவளுக்கு நன்றி சொல்ல அல்ல.

“ஒனக்கு அறிவு இருக்கா? இத்தன நாளா என்னப் பைத்தியக்காரன் ஆக்கிட்டியே! லென்ஸுல போயி மையத் தடவுவியா? நாலெழுத்து படிச்சிருந்தா இப்படிச் செய்வியா நீ?”

அக்காவுக்குப் படிக்க எவ்வளவு ஆசை இருந்தது என்று அறிந்த ஆட்களில் இப்போது உயிரோடிருப்பது நான் ஒருவன்தான். தெரிந்தேதான் அந்த வார்த்தையை எடுத்தேன். கோபத்தில் கண் தெரியாது என்பார்கள். பொய். அடிக்க வேண்டிய இடம் துல்லியமாகத் தெரிகிறது.

அக்கா கையைக் கழுவினாள். “சரிலே” என்றாள். முன்பு சொன்ன அதே சரி. பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். பந்தியில் அவளுக்குப் போட்ட இலை அப்படியே கிடந்ததைச் செண்பகம் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

“இத்தன பேரு முன்னால ஒங்க மூஞ்சியக் காப்பாத்திக் குடுத்தாவ” என்றாள். “அவியளத்தான் வெரட்டிவிட்டியளாக்கும்?” உமா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “அப்பா, நீங்க ஒரு தடவகூட அந்த லென்ஸத் தொடைக்கலையா?”

மறுநாள் குழந்தை செண்பகத்தின் கையில் குளிக்கமாட்டேன் என்று வீறிட்டது. அதற்கடுத்த நாளும். அந்தக் கேமரா படத்தை வெகு தெளிவாகக் காட்டியது. அழுகிற குழந்தையைச் சரவணன் நடுக்கடலில் இருந்து தெளிவாகப் பார்த்து, “பெரியம்மாவ எங்க காணோம்?” என்று அக்காவைத் தேடினார்.

நான் திசையன்விளைக்கு பஸ் ஏறினேன். செம்மண் தூசியோடு இறங்கி, பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே நடந்தேன். அக்கா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“என்னலே, வேற யாருக்கும் பேர் வைக்கணுமா?”

மனப்பாடம் செய்தது மறந்துபோயிற்று. “தப்பு எம்மேலதான் அக்கா” என்றேன்.

“ஒம்மேலதான்” என்றாள். “இல்லன்னு யாரு சொன்னா? கையக் கழுவிட்டு வா, சோறு இருக்கு.”

சாப்பிடும்போது கேட்டேன். “அக்கா, நம்ம வீட்ல அப்படி ஒரு வழக்கம் உண்டா? எனக்கு நெனப்பே இல்லையே.”

“இனிமே உண்டு” என்றாள் அக்கா, குழம்பை ஊற்றியபடி.

அவள் என்னோடு கிளம்பி வந்தாள், ஒரு நிபந்தனையோடு. கேமராவுக்குப் பொட்டு உண்டு. நான் ஒத்துக்கொண்டேன், ஆனால் பின்பக்கத்து வெள்ளையில். இரண்டு அறிஞர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு அது.

காந்திமதி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். யாராவது பெயர் கேட்டால், “எந்தப் பேரு? மொதப் பேரா, ரெண்டாம் பேரா?” என்கிறாள். வீட்டில் அவளை மூதி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறாள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அக்கா அவிழ்த்துவிட்ட வழக்கம் ஆற்றுக்கு அந்தப் பக்கமும் போய்விட்டது. சம்பந்தியம்மா தன் இளைய மகன் வீட்டுக் குழந்தைக்குப் பேர் வைக்க வெற்றிலை பாக்கோடு வந்து என்னை அழைத்தார். “அண்ணாச்சி வந்து சொன்னாத்தான் பலிக்கும்” என்றார். பிறகு அவர் ஓர்ப்படி வீட்டில். பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பக்கத்து வீட்டுச் செல்போன் அண்ணாச்சியின் பேரனுக்கு. திருஷ்டி என்று ஒன்று இருக்கவே முடியாது என்று வகுப்பெடுத்தவன் இப்போது வேட்டி மாற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், பச்சைக் குழந்தைகளின் காதில் வசவு சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

ஒரே ஒரு சிக்கல். தொட்டிலில் கிடப்பது பொக்கை வாயால் சிரிக்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. சிரித்துக்கொண்டு சொன்னால் பலிக்காது என்று சட்டம் வேறு. அதற்காக அக்கா கூடவே வருகிறாள். நான் தடுமாறுவதைப் பார்த்ததும் பைக்குள் கையைவிட்டு, எப்போதோ செத்துப்போன அந்த வெள்ளை உருண்டையை எடுத்து என் கண்ணுக்கு நேரே பிடிப்பாள்.

அப்புறம் ஒரு தடங்கலும் இல்லை. மூன்று முறையும் தானாக வந்துவிடும்.